மதுரைக் கால்

கடலூர் முதுநகரில் சீரியல் செட் போடுகிறவர்கள் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் பல்பு கட்டுகிறவர்கள். சந்திரலேகா ஒருத்திதான் சாமி கட்டுகிறவள். ஒரு தைப்பூசத்துக்கு வடலூர் ரோட்டில் அவள் எரியவிட்ட முருகனின் மயிலைப் பார்த்துவிட்டு, பக்கத்து முந்திரித் தோப்பிலிருந்து நிஜ மயில் ஒன்று இறங்கி வந்து மூன்று நாள் இரை எடுக்காமல் எதிரிலேயே நின்றது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அவள் போட்ட பெருமாளின் சங்கைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து ஒரு கப்பல் பாதை மாறி வந்தது. கேப்டன் இறங்கி வந்து சேவித்துவிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போனாராம். கப்பல் வந்தது உண்மை. சுண்டல் விஷயம்தான் கொஞ்சம் சந்தேகம்.

அப்பேர்ப்பட்டவள், ஆனித் திருமஞ்சனத் தேருக்கு முதல் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, சிதம்பரம் கீழவீதியில், நடராஜரைத் தப்பான காலில் நிறுத்திவிட்டாள்.

சாரத்தில் ஏறிக் கடைசி ஒயரைச் சொருகிவிட்டு, அவள் தம்பி கொளஞ்சியப்பன் "போடுக்கா!" என்று குரல் கொடுத்தான். அவள் போட்டாள். முப்பத்திரண்டடி உயரத்துக்கு நடராஜர் பளிச்சென்று வந்தார். வெயிலிலும் நன்றாகத் தெரிந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

எதிர் வீட்டு மாடியில் ஒரு சன்னல் திறந்தது. தேரடி விளக்குக் கமிட்டியின் தலைவர் சபேஷ் எட்டிப் பார்த்தார். கோயிலைச் சுற்றியே நாலு தலைமுறையாகக் குடியிருக்கிற குடும்பம். வெற்றிலைச் சாற்றைக்கூட கோபுரம் இருக்கிற திசையில் துப்பமாட்டார்.

"ஏம்மா சந்திரலேகா!"

"சொல்லுங்க சாமி."

"எந்தக் காலம்மா தூக்கியிருக்கார்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"வலது கால் சாமி." பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"வலது காலைத் தூக்கினா அது மதுரை வெள்ளியம்பலம். இது எந்த ஊரு?"

"சிதம்பரம்."

"தெரியறதோல்லியோ? இங்கே பால் குடிக்கிற குழந்தைகூட இடது காலைத்தான் மொதல்ல ஒதைக்கும். தேர் பார்க்க வர்ற ஜனம் என்னைக் கேட்டா நான் என்ன பதில் சொல்வேன்? ஆறரைக்கு விளக்கு. ஆறரைக்கு இடது கால் மேலே இருக்கணும். இல்லேன்னா பலகையை இறக்கிடு, வைத்திலிங்கத்தை ஏத்தச் சொல்லிடறேன்."

குறிஞ்சிப்பாடி வைத்திலிங்கம் அங்கேதான் இருந்தார். லாரி நிறைய எல்இடி திரையும், பின்னால் ஒரு ஜெனரேட்டரும், நாலு ஆளும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு, சும்மா தேர் பார்க்க வந்திருந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணும் எடம் புடிக்க வரல" என்றார், சர்பத்தை உறிஞ்சிக்கொண்டே. "ஆனா ஆறரைக்கு எறக்கணும்னா இப்பவே நட்டைக் கழட்ட ஆரம்பிக்கணும். எம் பசங்கள வேணா அனுப்பட்டுமா?"

"உங்க பசங்க சர்பத் குடிக்கட்டும்ணே" என்றாள் சந்திரலேகா.

பத்தொன்பது வருஷமாகக் கீழவீதி மூலை அவளுடையது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து குறிஞ்சிப்பாடி வரைக்கும் உள்ள கோயில் தர்மகர்த்தாக்கள் தேருக்கு வந்து, அந்த மூலையில் எரிகிறது யார் பலகை என்று பார்த்துவிட்டுத்தான் தங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஆள் சொல்வார்கள். அந்த மூலையிலிருந்து ஒருமுறை இறக்கப்பட்டவன் பிறகு கல்யாண மண்டபத்து வாசலில் வாழைமரத்துக்கு டியூப்லைட் கட்டத்தான் லாயக்கு. முன்னால் அங்கே இருந்தவர் அப்படித்தான் ஆனார். அவரை இறக்கிவிட்டு ஏறியவள் சந்திரலேகா. ஆகவே அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவள் புருஷன் செந்தமிழ்செல்வன் குட்டியானை வண்டியிலிருந்து இறங்கி வந்தான். அவன் பேசினால் மெதுவாகப் பேசுவான், ஆனால் குரல் மட்டும் ஏழு வீடு தாண்டும்.

"ஏம்மே, போன மாசம் மதுரைக்குப் போட்டுக் குடுத்தமே, அந்தக் காலு வந்து இதுல ஏறிக்கிச்சா?"

"மெதுவா பேசு. ஆமா, அதாத்தான் இருக்கும்."

இந்த இடத்தில் அவளுடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பலகை என்று சொல்கிறோமே தவிர, அது நாலு பலகை. ஒவ்வொன்றிலும் குறுக்கே நாற்பத்தெட்டு பல்பு, மேலிருந்து கீழே நாற்பது வரிசை. மேலே இரண்டு, கீழே இரண்டு என்று சேர்த்துக் கட்டினால் ஒரு முழுச் சாமி. ஒவ்வொரு பலகைக்கும் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல். எரிய வேண்டிய பல்புக்கு ஒரு ஸ்டார், எரியக்கூடாத பல்புக்கு ஒரு புள்ளி. மேல் ஒன்று, மேல் இரண்டு, கீழ் ஒன்று, கீழ் இரண்டு என்று ஃபைல்களுக்குப் பெயர். நடராஜரின் சடையும் உடுக்கையும் தீயும் மேல் ஃபைல் இரண்டிலுமாக இருக்கும். கால்கள் கீழ் ஃபைல் இரண்டிலும்.

கம்ப்யூட்டர், மஞ்சக்குப்பத்தில் இழுத்து மூடிய ஒரு பிரவுசிங் சென்டரில் வாங்கியது. மவுஸ் கிடையாது. படம் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். அதைப் பலகையோடு இணைத்துக் கொடுத்த இன்ஜினியர் பெங்களூருக்குப் போகும்போது, அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் பதினோரு கட்டளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஃபைலைத் திருத்துகிற எடிட்டருக்குப் பெயர் விம். பாத்திரம் விளக்குகிற சோப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த எடிட்டரில் திரையை எத்தனை விண்டோவாக வேண்டுமானாலும் வகுந்துகொள்ளலாம். சந்திரலேகா நாலாக வகுந்து, நாலு ஃபைலையும் பலகை இருக்கிறபடியே மேலே இரண்டு கீழே இரண்டு என்று உட்கார வைத்துவிடுவாள். கன்ட்ரோலோடு டபிள்யூ தட்டி, ஜே அடித்தால் கீழ் விண்டோ. கே அடித்தால் மேல். எச் இடப்பக்கம், எல் வலப்பக்கம். இந்த நாலு எழுத்தை வைத்துக்கொண்டு அவள் நடராஜரின் உடம்பு முழுக்க நடப்பாள். சடையிலிருந்து சிலம்புக்கு வர ஒரு நொடி போதும்.

போன மாசம் மதுரையில் ஒரு தெருக்காரர்கள் கால் மாறி ஆடுகிற நடராஜர் கேட்டார்கள். கீழ் இரண்டு ஃபைலையும் வரிவரியாக வலம் இடமாகத் திருப்பி, ஒன்பது நாள் உட்கார்ந்து போட்டு, பென்டிரைவில் ஏற்றி அனுப்பினாள். அப்போது சிதம்பரத்துக் காலைப் பத்திரமாகத்தான் வைத்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"வச்சிருந்தா எடுத்துப் போடேன்" என்றான் செந்தமிழ்செல்வன்.

பலகைக்கு நேர் எதிரில், வீதியின் அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த பாத்திரக்கடை வாசலில் மேசை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். அவள் உட்கார்ந்து ஃபைல் பட்டியலைப் பார்த்தாள். கீழ் ஒன்று, ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கீழ் இரண்டும் அப்படியே. இரண்டிலும் மதுரைக் கால்.

"நான் ரெண்டு விண்டோவுல தொறந்து வச்சேன்யா. மேல் விண்டோவுல பழசு, கீழ் விண்டோவுல புதுசு. மேலத் தொடவே இல்ல. எடத்த அடைக்குதுன்னு ரெண்டு வரி ஒசரத்துக்கு நசுக்கி ஓரமா வச்சேன். பழசு எங்க போச்சி?"

கொளஞ்சியப்பன் சாரத்திலிருந்து இறங்கி வந்தான். அவனுக்கு எந்தச் சிக்கலுக்கும் உடனே ஒரு வழி தோன்றும். அதனாலேயே அவனை எப்போதும் உயரத்தில் வைத்திருப்பார்கள்.

"அக்கா, பலகையப் பின்பக்கமா திருப்பி நட்டுட்டா? காலு சரியாயிடும்ல?"

"காலு சரியாயிடும். உடுக்கை தீ இருக்கற கைக்குப் போயிடும், தீ உடுக்கை கைக்கு வந்துடும். சனங்க சாமியோட முதுகையும் உன் ஒயரையும் கும்புட்டுட்டுப் போவும். ஏறு மேல."

எதிர் மாடியிலிருந்து சபேஷ் மறுபடியும் குரல் கொடுத்தார். "மணி ரெண்டேகால்!" சந்திரலேகா நிமிர்ந்து தலையாட்டினாள். அவருக்குத் திருப்தியில்லை. உள்ளே போய், அடுத்த சன்னலைத் திறந்து, அங்கிருந்தும், "ரெண்டேகால் ஆயிடுத்துங்கறேன்!" என்றார்.

சந்திரலேகா அந்த இரண்டு சன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் சன்னலில் திட்டிய சபேஷும் இரண்டாம் சன்னலில் திட்டுகிற சபேஷும் ஒரே ஆள்தான். அங்கே அவர் மேல் எண்ணெய் சிந்தினால் இங்கேயும் வழுக்கை பளபளக்கும்.

அவள் கீழ் ஒன்றைத் திறந்து, திரையை இரண்டாக வகுந்தாள். மேலேயும் கீழேயும் ஒரே கால் தெரிந்தது. கீழ் விண்டோவில் ஒரு ஸ்டாரை அழித்தாள். மேல் விண்டோவிலும் அதே இடத்தில் ஒரு ஸ்டார் காணாமல் போயிற்று.

"அடப்பாவி" என்றாள், யாரையும் குறிப்பிடாமல். "விண்டோதான்யா ரெண்டு. உள்ள இருக்கற ஃபைலு ஒண்ணுதான். நான் பழசுன்னு பத்திரமா பாத்துக்கிட்டது புதுசத்தான். அந்த ரெண்டு வரி இடுப்புத் துணி, எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதான் தெரியல."

"அப்ப சிதம்பரம் காலு?"

"இல்ல. நானே அழிச்சிட்டேன்."

செந்தமிழ்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரப் போனான். அவள் அவனுக்குப் பின்னால் இருந்த இன்னொரு நாற்காலியை நகர்த்தினாள்.

"ஒக்காராத. மறுபடியும் திருப்புவேன்."

"ஒம்போது நாள் வேலைம்மே அது."

"அப்ப ஒம்போது நாள் இருந்திச்சி, ஒம்போது நாள் பண்ணேன். இப்ப நாலு மணி நேரந்தான் இருக்கு."

முதல் காரியமாக, அழித்த ஸ்டாரைத் திரும்ப வைத்து, மதுரைக் கால்களை மதுரை ஒன்று, மதுரை இரண்டு என்று வேறு பெயரில் எழுதி வைத்தாள். பட்டியலில் அவை தனித்தனியாக இருக்கின்றனவா என்று மூன்று முறை பார்த்தாள். பிறகு புது ஒன்று, புது இரண்டு என்று இரண்டு வெற்று ஃபைல் திறந்தாள். திரையை நாலாக வகுந்து, மேலே உடம்பு, கீழே வெற்றிடம் என்று உட்கார வைத்தாள். இடுப்புக்கு மேலே ஆடிக்கொண்டு, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் நின்றார் நடராஜர்.

மதுரைக் காலின் வரியைப் பார்த்து, வாலிலிருந்து தலைக்குப் படித்து, புது விண்டோவில் அடிக்க ஆரம்பித்தாள். மூன்று வரி ஒழுங்காக வந்தது. நாலாவது வரியில் கண் முன்னே போக, விரல் பின்னே போயிற்று. ஏழாவது வரி முடிந்தபோது சுவாமியின் முழங்கால் இரண்டு இடத்தில் மடங்கியிருந்தது. ஏழையும் அழித்தாள். மறுபடியும் அடித்தாள். இந்த முறை ஒரு தொடைக்குள்ளேயே இன்னொரு தொடை முளைத்தது. அதையும் அழித்தாள். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

வைத்திலிங்கம் சர்பத் தம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்கிட்ட ஃபோன்லயே ஆயிரம் சாமி இருக்கு தங்கச்சி. தட்டுனா வந்துடும். நீ ஏன் ஒத்தையொத்தையா பொறுக்கிக்கினு கெடக்கற?"

"உங்க சாமிக்கு நடுவுல விளம்பரம் வருமேண்ணே."

"அது சின்ன விளம்பரந்தான்" என்றார் வைத்திலிங்கம், கொஞ்சம் மனம் நொந்து.

அவளுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர்க் குடம் பலகைக்குப் பின்னால் நிழலில் இருந்தது. வீதியைக் கடந்து, சாரத்துக்கு அடியில் குனிந்து, ஒரு சொம்பு மொண்டு குடித்துக்கொண்டே தலையைத் தூக்கினாள்.

குடிப்பதை நிறுத்தினாள்.

பல்பு வெளிச்சம், அதைச் சொருகியிருக்கிற பலகைத் தகரத்து ஓட்டை வழியாகப் பின்பக்கமும் கசியும். பின்னாலிருந்து பார்த்தபோது, ஒயர்களுக்கு நடுவே மங்கலாக, நடராஜர் இடது காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். உடுக்கையும் தீயும் இடம் மாறித்தான் இருந்தன. ஆனால் அவளுக்கு உடுக்கையும் தீயும் தேவையில்லை. இடுப்புக்குக் கீழே தேவைப்பட்டது அத்தனையும் அங்கே நின்றுகொண்டிருந்தது. யாரும் அழித்திருக்கவில்லை. எல்லாரும் முன்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

"கொளஞ்சி! தார்ப்பாய எடு!"

பலகையின் பின்பக்கம் கீழ்ப்பாதியைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். கொளஞ்சியப்பனை உள்ளே விட்டார்கள். வெயில் மறைந்ததும் பல்புகள் வரிசை வரிசையாகத் துலக்கமாகத் தெரிந்தன.

"என்ன பண்ணணும்க்கா?" என்றது தார்ப்பாய்.

"இடுப்புலேர்ந்து ஒவ்வொரு வரியா வா. ஒங்கைக்கு இடப்பக்கத்துலேர்ந்து வலப்பக்கம் படி. எரியறது எத்தினி, எரியாதது எத்தினின்னு சொல்லிக்கினே வா. ஒரு வரிக்குத் தொண்ணூத்தாறு பல்பு. மொத்தம் நாப்பது வரி."

"உள்ள வேவுது."

"சாமியே எரிஞ்சிக்கினு நிக்குது. நீ வெந்தா என்ன?"

தார்ப்பாய்க்குள்ளிருந்து வரும் குரல் வீதியைக் கடந்து அவள் மேசைக்கு எட்டாது. அதற்குத்தான் கடவுள் செந்தமிழ்செல்வனைப் படைத்திருந்தார். அவனை வீதிக்கு நடுவில் நிறுத்தினாள்.

"இருபத்திரெண்டு இருட்டு!" என்றது தார்ப்பாய்.

"இருபத்திரெண்டு இருட்டாம்!" என்றான் செந்தமிழ்செல்வன். கோபுரத்துப் புறாக்கள் எழுந்து ஒரு சுற்று சுற்றி உட்கார்ந்தன.

அவள் எண்ணை அடித்துப் புள்ளியை வைத்தாள். இருபத்திரண்டு புள்ளி வரிசையாக விழுந்தது. "ஒம்போது வெளிச்சம்!" ஒன்பது ஸ்டார். நாற்பத்தெட்டு வந்ததும் கன்ட்ரோல், டபிள்யூ, எல். வலப்பக்க விண்டோவுக்குத் தாவி மீதி நாற்பத்தெட்டு. மறுபடியும் கன்ட்ரோல், டபிள்யூ, எச். அடுத்த வரி. ஒவ்வொரு விண்டோவின் அடியிலும், நிற்கிற இடத்துக்கு எண் தெரியும். வரி முடியும்போது இரண்டிலும் நாற்பத்தெட்டு காட்டினால் சரி. காட்டாவிட்டால் அந்த வரி செல்லாது.

ஐந்து வரிக்கு ஒருமுறை எழுதிச் சேமித்தாள். முதல் வரியிலேயே இடுப்புத் துணி மேல் விண்டோவில் இருந்த மேகலையோடு ஒட்டிக்கொண்டது. ஒன்பதாவது வரியில் தொடை ஒன்று இடம் பார்த்துக் கிளம்பியது.

காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் தேர் பார்க்க வந்திறங்கிய பெண்கள் இருபது பேர் அந்த வழியாக வந்தார்கள். சாமிக்கு முன்னால் ஒருவர் நின்று, "ஏழு இருட்டு... மூணு வெளிச்சம்... பதினாலு இருட்டு..." என்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏதோ பதிகம் போலிருக்கிறது என்று கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பதினோராவது வரியில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். திருவாசல் நிழலில் படுத்திருந்த மேளக்காரர் ஒருவர் எழுந்து வந்து, இருட்டுக்குச் சும்மா இருந்து, வெளிச்சத்துக்கு மட்டும் தவிலில் அடி கொடுத்தார். சந்திரலேகாவுக்கு அது ரொம்பச் சௌகரியமாகப் போயிற்று. காதில் விழுகிற அடிக்கு விரல் தானாக ஸ்டாரை வைத்தது. ஒரு வரிக்கு ஆறு நிமிஷம் ஆனது நாலாகக் குறைந்தது. அந்தப் பதிகத்தை இன்னும் காட்டுமன்னார்கோயில் பக்கம் சில வீடுகளில் வெள்ளிக்கிழமை சொல்கிறார்களாம். பலன் இருக்கிறது என்றுதான் கேள்வி.

இருபத்து மூன்றாவது வரியில் கணக்கு இடித்தது. வலப்பக்க விண்டோ நாற்பத்தொன்பது காட்டியது.

"திருப்பிச் சொல்லு!"

திருப்பிச் சொன்னார்கள். இந்த முறை ஐம்பது.

அவள் விரலை எடுத்துவிட்டு வீதியைப் பார்த்தாள். பெண்கள் கூட்டத்தின் கடைசியில், தோளில் துண்டோடு, வைத்திலிங்கம் பக்தியாக உட்கார்ந்திருந்தார். வாய் எல்லாரையும்விட அகலமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வைத்திலிங்கண்ணே, தார்ப்பாயி என்ன சொல்லிச்சி?"

"எட்டு இருட்டு."

"கொளஞ்சி! என்ன சொன்ன?"

"ஆறு இருட்டு!" என்றது தார்ப்பாய்.

காட்டுமன்னார்கோயில் பெண்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். சாமி காரியத்தில் ரெண்டு இருட்டைக் கூடச் சேர்த்தவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வைத்திலிங்கம் எழுந்து, துண்டை உதறிவிட்டு, "காது மந்தம்" என்று சொல்லிக்கொண்டே தன் லாரிக்குப் போனார்.

அவள் அந்த வரியை முதலிலிருந்து அடித்தாள். முதுகு விறைத்துப் போயிருந்தது. நிமிர்ந்தால் நேரம் போகும் என்று நிமிரவில்லை. செந்தமிழ்செல்வனின் குரல் கம்மியது. தவில்காரர் ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார். சபேஷ் நாலேமுக்காலுக்கு ஒரு சன்னலிலும், ஐந்தரைக்கு இன்னொரு சன்னலிலும் மணி சொன்னார். ஐந்தரைக்குச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்து, "எத்தனாவது வரி?" என்று கேட்டார்.

"முப்பது, சாமி."

"முடிஞ்சிடுமா?"

"முடிச்சிடுவேன்."

முப்பத்திரண்டாவது வரியில் சிலம்பு. முப்பத்தாறில் முயலகனின் முதுகு. "அக்கா, தண்ணி" என்றது தார்ப்பாய். "நாலு வரி" என்றாள் அவள்.

ஆறு இருபதுக்கு நாற்பதாவது வரி முடிந்தது. இரண்டு விண்டோவும் நாற்பத்தெட்டு காட்டின. மேல் இரண்டு, கீழ் இரண்டு, நாலு விண்டோவிலும் சேர்த்து ஒரே நடராஜர், தலை முதல் கால் வரை, வெள்ளைப் புள்ளியும் ஸ்டாருமாக நின்றார்.

புது ஒன்றைக் கீழ் ஒன்றின் மேல் எழுதினாள். பலகையின் இடப்பக்கக் கீழ்ப்பாதி ஒரு சிமிட்டுச் சிமிட்டி மாறியது. ஒரு நொடி, சுவாமிக்குப் பாதி இடுப்பு சிதம்பரத்திலும் பாதி இடுப்பு மதுரையிலும் இருந்தது. புது இரண்டைக் கீழ் இரண்டின் மேல் எழுதினாள்.

இடது கால் மேலே போயிற்று.

சபேஷ் ஒரு சன்னலில் பார்த்தார். அடுத்த சன்னலில் பார்த்தார். பிறகு செருப்புப் போடாமல் மாடியிலிருந்து இறங்கி வந்து, வீதி நடுவில் நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"எரியட்டும்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அடுத்த வருஷம் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடு. எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு" என்றார்.

கொளஞ்சியப்பன் தார்ப்பாயிலிருந்து வெளியே வந்தான். மூன்று மணி நேரத்தில் இரண்டு சுற்று இளைத்திருந்தான். அன்று இடுப்பில் நிற்காமல் நழுவிய வேட்டி, அதற்குப் பிறகு அவனுக்குத் தோள்துண்டாகத்தான் பயன்பட்டது. செந்தமிழ்செல்வனுக்குக் குரல் சுத்தமாகப் போய்விட்டது. சைகையில், "சாப்பிடலாமா" என்று கேட்டான்.

சந்திரலேகா எழுந்திருக்கவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிலம்புல ஒரு முத்து எரியல."

"எந்த முத்து?" என்றார் சபேஷ். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "அதையெல்லாம் யாரம்மா பார்க்கப் போறா? ஏழாயிரம் பல்புல ஒண்ணு."

"ஏழாயிரத்து அறநூத்தி எண்பது சாமி. கொளஞ்சி, முப்பத்திரெண்டாவது வரியில இருட்டுன்னு ஒண்ணு சொன்னியே, நடுவுல, ஒத்தையா. அது இருட்டுதானா?"

கொளஞ்சியப்பன் தலையைச் சொறிந்தான். "இருட்டாத்தான் இருந்திச்சி. ஆனா அது கண்ணைச் சிமிட்டுச்சிக்கா."

"என்னடா சிமிட்டுச்சி?"

"பல்லி. பல்பு மேல ஒக்காந்திருந்திச்சி. வெரட்டுனா சகுனம் தப்பாயிடும்னு உட்டுட்டேன்."

வைத்திலிங்கம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தவர் இறங்கிவிட்டார். இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

சந்திரலேகா நாற்காலியை மேசைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். கன்ட்ரோல், டபிள்யூ, ஜே. கீழ் விண்டோ. முப்பத்திரண்டாம் வரிக்குப் போனாள். ஸ்டார்களுக்கு நடுவே ஒரே ஒரு புள்ளி பல்லி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. அதன் மேல் ஒரு ஸ்டாரை வைத்து, எழுதினாள்.

சிலம்பில் முத்து எரிந்தது. பின்னாலிருந்து, சூடு தாங்காமல், எதுவோ சொத்தென்று தார்ப்பாய் மேல் விழுந்தது.

"இப்ப சாப்பிடலாம்" என்றாள். கம்ப்யூட்டரை மூடுவதற்கு முன்னால், ஃபைல் பட்டியலை இன்னொரு முறை திறந்து பார்த்தாள். கீழ் ஒன்று, கீழ் இரண்டு. அதற்குக் கீழே மதுரை ஒன்று, மதுரை இரண்டு. பிறகு அட்டைப்பெட்டி மூடியை எடுத்து, பதினோரு கட்டளைக்கும் அடியில், பேனாவை அழுத்திப் பன்னிரண்டாவதாக ஒன்று எழுதினாள். எழுதியதைச் செந்தமிழ்செல்வன் எட்டிப் பார்த்தான். "மொதல்ல வேற பேர்ல எழுதிட்டு, அப்பறம் தொறக்கவும். ரெண்டு சன்னல்னாலும் சபேஷ் சாமி ஒருத்தர்தான்" என்று இருந்தது. அவனுக்குப் புரியவில்லை. கேட்கக் குரலும் இல்லை.

பல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தேர் பார்த்துவிட்டு, குறிஞ்சிப்பாடி லாரியில்தான் ஏறிப் போயிற்று. வைத்திலிங்கத்தின் திரையில் எந்தச் சாமியைப் போட்டாலும் நடுவில் ஒரு புள்ளி இருட்டாக நிற்கிறதாம். ரிப்பேர்காரர்கள் மூன்று பேர் பார்த்துவிட்டார்கள்.